காகிதமே பனி

முதலியார்பேட்டை,
4-9-1961

மரியாதைக்குரிய அஞ்சலாட்சி டீச்சரம்மாவுக்கு,

இந்தக் கையெழுத்துக்காக முதலில் மன்னிக்க வேண்டும். வரி கோணுகிறது. ஒரு எழுத்து பூசணிக்காய் மாதிரி இருக்கிறது, அடுத்தது கடுகு மாதிரி இருக்கிறது. தகட்டில் மயிரிழை பிசகாமல் வெட்டுகிற கைதான் இது. பேனாவைப் பிடித்தால் மட்டும் நடுங்குகிறது. இந்த நாலு வரிக்கே ஒரு சாயங்காலம் போய்விட்டது.

நான் சாமிக்கண்ணு. தெய்வநாயகம் ஐயா அச்சகத்தில் படங்களுக்கு வண்ணத் தகடு வெட்டுகிறவன். ஏழு வருஷத்துக்கு முன்பு நீங்கள் கதை எழுதி, படமும் வரைந்து கொடுத்த 'குளிர்காலம்' என்ற குழந்தைகள் புத்தகத்துக்கு வண்ணம் ஏற்றியது நான்தான். மெலிந்த ஆள். காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். அந்தப் பென்சிலை வைத்து என்ன எழுதினேன் என்று கேட்காதீர்கள்.

எனக்கு வயது அறுபத்தாறு. போன தை மாதம்தான் எழுத்துக் கற்க ஆரம்பித்தேன். எங்கள் தெருமுனையில் முதியோர் வகுப்பு நடக்கிறது. வைத்திலிங்கம் வாத்தியார் நடத்துகிறார். அச்சகத்தில் யாருக்கும் இது தெரியாது. என் மகள் பச்சையம்மாளுக்கு மட்டும் தெரியும்.

இந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வேன் டீச்சரம்மா? சித்திரை மாதம் ஒரு நாள், பலகையைப் படித்து, யாரையும் கேட்காமல் கடலூர் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டரும் கடலூர் என்றுதான் சொன்னார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். கடலூரில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. நாற்பது வருஷமாக வாங்குகிற புகையிலைப் பொட்டலத்தில் ஏதோ பெரிய விஷயம் எழுதியிருக்கிறது என்று நினைத்திருந்தேன். 'ஈரம் படாமல் வைக்கவும்' என்று எழுதியிருக்கிறது.

ஆனால் இதைச் சொல்வதற்காக நான் எழுதவில்லை. போன வாரம் உங்கள் புத்தகத்தைப் படித்தேன். என் கையால் வண்ணம் ஏற்றிய புத்தகத்தை இப்போதுதான் முதல் தடவையாகப் படித்தேன். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். காரைக்காலில் உங்கள் அண்ணன் வீட்டு விலாசத்தை, உங்களிடம் முன்பு படித்த ஒரு பெண்ணின் அம்மாவிடம் வாங்கினேன். சொல்லலாம் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் சொல்கிறேன்.

இப்படிக்கு,
சாமிக்கண்ணு


காரைக்கால்,
13-9-1961

திரு. சாமிக்கண்ணுவுக்கு,

கடிதம் வந்தது. உங்களை நினைவிருக்கிறது. காதுப் பென்சிலும் நினைவிருக்கிறது. அழுத கண்ணோடு நான் அச்சகத்துப் படியில் நின்றபோது, உள்ளே நீங்கள் யாரிடமோ சொன்னதும் நினைவிருக்கிறது. "டீச்சர் பாதியிலயே வுட்டுட்டுப் போயிட்டாங்க. நான்தான் ரொப்பிக் குடுத்தேன்." 

இந்த வயதில் படிக்கக் கற்றீர்கள் என்பதில், ஆசிரியை என்ற முறையில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்தப் புத்தகம் இந்த வீட்டில் இல்லை. நான் இப்போது படம் வரைவதும் இல்லை. இங்கே இருபது குழந்தைகளுக்குக் கூட்டலும் கழித்தலும் சொல்லிக்கொடுக்கிறேன்.

சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

அஞ்சலாட்சி


முதலியார்பேட்டை,
24-9-1961

டீச்சரம்மாவுக்கு,

சுற்றி வளைக்கவில்லை. ஆனால் நான் எழுதும் வேகத்துக்கு நேர் வழியே நீளமாகத்தான் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வைத்திலிங்கம் வாத்தியார், வீட்டிலிருந்து அச்சடித்த பொருள் எதையாவது கொண்டுவந்து படிக்கச் சொன்னார். ஒருவர் பஞ்சாங்கம் கொண்டுவந்தார். தேங்காய்த்திட்டிலிருந்து மீன் விற்க வருகிற ஆயம்மா, இருமல் மருந்து பாட்டிலைக் கொண்டுவந்தாள். நான் உங்கள் புத்தகத்தைக் கொண்டுபோனேன். அதைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டி, இந்தப் பச்சை என் கைப்பச்சை என்று சொல்லிக்கொள்வேன்.

எழுந்து நின்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'பனி விழுந்தது. தெரு வெள்ளை. கூரை வெள்ளை. தோட்டமும் வெள்ளை. நானும் தம்பியும் பனியை உருட்டி ஒரு வெள்ளைப் பொம்மை செய்தோம்.' நாலாவது தடவை வந்தபோது 'வெள்ளை' என்பதை எழுத்துக்கூட்டாமல் ஒரே மூச்சில் படித்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் படத்தைக் கவனிக்கவில்லை. ஆயம்மாதான் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா பெரியவரே, வெள்ளை வெள்ளைன்னு படிக்கிற, புஸ்தகம் பச்சையா கீது? படிக்கத் தெரியாதவன் எவனோ பெயிண்டு அடிச்சிருக்கான்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடும்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். உங்கள் படங்கள் கறுப்புக் கோட்டில் அச்சாகி என் மேசைக்கு வந்தன. எந்த இடத்தில் எந்த வண்ணமோ, அந்த இடத்தைத் தகட்டில் வெட்டி எடுப்பேன். அச்சகத்தில் என்னோடு வேலை செய்கிற முத்தம்மாள் அந்தத் தகட்டைப் படத்தின் மேல் வைத்துத் தூரிகையால் தேய்ப்பாள். உங்கள் படத்தில் சால்வைக்கும் மரத்துக்கும் ஜன்னலுக்கும் மட்டும் வண்ணம் குறித்திருந்தது. தரை முழுவதும் வெறும் காகிதம். முத்தம்மாள் அதைப் பார்த்துவிட்டு, டீச்சர் பாதியிலேயே விட்டுவிட்டார்களா என்று கேட்டாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. புத்தகத்தின் பெயர் 'குளிர்காலம்' என்று எங்கள் பத்ரோன், முதலாளி தெய்வநாயகம் ஐயா, சொல்லியிருந்தார். நமக்குக் குளிர்காலம் என்றால் மார்கழிதானே? மழை நின்று, ஏரி நிரம்பி, எங்கே பார்த்தாலும் பச்சை. பிள்ளைகள் காதை மூடித் துணி சுற்றியிருப்பதைப் பார்த்து, விடியற்காலை பஜனைக்குப் போகிறார்கள் என்று நினைத்தேன். நல்ல நடவுப் பச்சையாகக் கலந்து, தரைக்குத் தனித் தகடு வெட்டினேன்.

அந்தப் பொம்மையை, குண்டு வயிறோடு இருந்ததால், ஐயனார் கோயில் மண்பொம்மை என்று நினைத்துவிட்டேன். சுட்ட மண் வண்ணம் கொடுத்தேன். இதை எழுதும்போது காது சூடாகிறது.

நீங்கள் பாதியில் விட்டதாக ஊரெல்லாம் சொன்னேன். அது பொய் என்று அப்போது தெரியாது. இப்போது தெரியும். எந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

சாமிக்கண்ணு


காரைக்கால்,
2-10-1961

திரு. சாமிக்கண்ணுவுக்கு,

உங்களுக்குத் தெரியாத மிச்சத்தை நான் சொல்கிறேன்.

அந்த வருஷம் ஜூலை பதினாலாந்தேதி பிரெஞ்சு தேசிய விழாவில், எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் புத்தகத்தைப் பரிசாகக் கொடுப்பதாக ஏற்பாடு. கட்டு அன்று காலையில்தான் வந்து சேர்ந்தது. நானே மேடையில்தான் முதலில் பிரித்துப் பார்த்தேன். விருந்தாளியாக வந்திருந்த பிரெஞ்சுக்கார மதாம் ஒருத்தி, செங்கல் நிறப் பொம்மையைப் பார்த்துவிட்டு வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு சிரித்தாள். பனி எங்கே என்று தலைமையாசிரியரைக் கேட்டாள். அவர் எல்லோர் முன்னிலும் என் பக்கம் திரும்பி, "மூணு வருஷம் பிரான்சுல இருந்தேன்னு சொல்லித்தானே வேலைக்கு வந்தீங்க? பனியைக் கண்ணால பாத்திருக்கீங்களா, இல்லியா?" என்றார்.

நான் பார்த்திருக்கிறேன். என் அப்பா பிரெஞ்சுப் படையில் சிப்பாய், சொல்தா. ஏழு வயதிலிருந்து பத்து வயது வரைக்கும், பிரான்சின் கிழக்கே அவருடைய படைமுகாம் இருந்த ஊரில் நாங்கள் இருந்தோம். மூன்று குளிர்காலம். அந்த வெள்ளையை நம் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றுதான் புத்தகம் போட்டேன். அதற்குப் பிறகு ஊரில் என் பெயர் பனி பார்க்காத டீச்சர். அடுத்த வருஷம் எனக்கு வகுப்பு கொடுக்கவில்லை.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அப்பா அப்போது படுக்கையில் இருந்தார். புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பிறகு, "நாம அங்க இருந்ததே உனக்கு மறந்துபோச்சாம்மா?" என்று கேட்டார். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் நான் சீட்டு எழுதிக் குத்தியிருந்தேன். பனி வருகிற பக்கங்களுக்கெல்லாம் சேர்த்து, முதல் பனிப் பக்கத்தில் தனியாக ஒரு சீட்டு வைத்திருந்தேன். விழா முடிந்து நான் ஓடிவந்து கேட்டபோது தெய்வநாயகம் ஐயா என்ன சொன்னார் தெரியுமா? சீட்டில் இருந்தபடிதான் பச்சை கொடுத்ததாக நீங்கள் சொன்னீர்கள் என்றார். சீட்டு எழுதிய மாதம் எனக்குக் காய்ச்சல். கை தவறி வேறு எதையோ எழுதிவிட்டேனோ என்று ஏழு வருஷமாக என்னையே நான் நம்பாமல் இருக்கிறேன்.

நான் என்ன எழுதியிருந்தேன்? உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்றால், அதை யார் படித்துச் சொன்னார்கள்?

அஞ்சலாட்சி


முதலியார்பேட்டை,
10-10-1961

டீச்சரம்மாவுக்கு,

யாரும் படித்துச் சொல்லவில்லை.

போன கடிதத்தில் இதை எழுதாமல் விட்டேன். மறந்து விடவில்லை. எழுத வெட்கப்பட்டு விட்டேன்.

படம் போடுகிறவர்கள் சீட்டில் வண்ணத்தின் பெயரை எழுதி, பக்கத்திலேயே அந்த வண்ணத்தில் ஒரு பொட்டு வைப்பார்கள். நான் பொட்டைப் பார்த்துத்தான் நாற்பது வருஷம் வேலை செய்தேன். பத்ரோனுக்கு முன்னால் சீட்டை முகத்துக்கு நேரே பிடித்து, உதட்டை அசைத்து, காதிலிருந்து பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒரு கோடு போடுவேன். எனக்கு எழுத்துத் தெரியாது என்று ஒருத்தருக்கும் சந்தேகம் வந்ததில்லை. சால்வைக்குச் சிவப்புப் பொட்டு, ஜன்னலுக்கு மஞ்சள் பொட்டு, எல்லாம் சரியாக இருந்தது. அந்த ஒரு சீட்டில் மட்டும் பொட்டு இல்லை. வெள்ளைக் காகிதத்தில் வெள்ளைக்கு எப்படிப் பொட்டு வைப்பீர்கள்? வெறும் எழுத்தாக இருந்தது. பொட்டு இல்லாததால் என் விருப்பத்துக்கு விட்டுவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் எழுத்துக் கோக்கிற கம்போசிட்டர்கள் ஆறு பேர் இருந்தார்கள். யாரிடமாவது நீட்டியிருந்தால் ஒரு நிமிஷ வேலை.

விழா அன்று பத்ரோன் சீட்டைக் கேட்டார். சீட்டில் இருந்தபடிதான் செய்தேன் என்றேன். எங்கே சீட்டு என்றார். பசையில் ஒட்டிக் கிழிந்துவிட்டது என்றேன். சீட்டு அப்போது என் புகையிலை டப்பாவில் இருந்தது. அதில் என்ன இருக்கிறதோ என்ற பயத்தில் ஒளித்து வைத்திருந்தேன். அடுப்பில் போட நினைத்தேன். எழுத்து உள்ள காகிதம் காலில் பட்டால்கூடக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாங்கள். எரிக்கக் கை வரவில்லை. உங்களைப் பொய்க்காரி ஆக்க மட்டும் வாய் வந்தது.

வகுப்பில் ஆயம்மா சிரித்த அன்று வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத் திறந்து அதைப் படித்தேன். சீட்டை இதனுடன் வைத்திருக்கிறேன். புகையிலைக் கறை இருக்கிறது. ஆனால் எழுத்து அழியவில்லை. நீங்கள் எழுதியது இதுதான்:

'இந்தப் பக்கத்திலும் இனி வரும் பக்கங்களிலும், வெள்ளையாக உள்ள இடத்தில் எதுவும் பூச வேண்டாம். காகிதமே பனி. சந்தேகம் இருந்தால் எனக்குச் சொல்லியனுப்புங்கள், நானே வந்து விளக்குகிறேன்.'

உங்கள் கை தவறவில்லை டீச்சரம்மா.

சாமிக்கண்ணு


காரைக்கால்,
14-10-1961

திரு. சாமிக்கண்ணுவுக்கு,

சீட்டைப் பார்த்தேன். என் கையெழுத்துதான். காய்ச்சலில்கூட வரி கோணவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அன்று குழந்தைகளுக்குப் பாடமே நடத்தவில்லை.

அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எனக்கு வேண்டாம். நான் உங்களுக்கு எழுதியது அது. எனக்கு மன்னிப்புக் கடிதமும் வேண்டாம். என்னைப் பொய்க்காரி என்றது இந்த வீட்டில் இல்லை, அந்த அச்சகத்தில். அன்று அங்கே இருந்தவர்கள் முன்னிலையில் நீங்கள் நின்று, உங்கள் வாயாலேயே இந்தச் சீட்டைப் படிக்க வேண்டும். தெய்வநாயகம் ஐயா தலைமையாசிரியருக்கு உண்மையை எழுத வேண்டும்.

ஆயுதபூஜைக்கு எல்லோரும் கூடுவார்கள். உங்களால் முடியுமானால் செய்யுங்கள்.

அஞ்சலாட்சி


முதலியார்பேட்டை,
23-10-1961

டீச்சரம்மாவுக்கு,

முடியவில்லை.

சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். இயந்திரத்துக்கெல்லாம் சந்தனம் வைத்து, பொரி கடலை கொடுத்து முடிந்ததும் பேசலாம் என்று நின்றேன். அதற்குள் பத்ரோன் என்னைக் கூப்பிட்டார். வருஷா வருஷம் மூத்த ஆளுக்குத் துண்டு போர்த்துவார். இந்த வருஷம் அதோடு நிறுத்தவில்லை. புதுப் பையன்களைப் பார்த்து, "சாமிக்கண்ணுவைப் பார்த்துக் கத்துக்குங்க. நாப்பது வருஷத்துல ஒரு சீட்டைத் தப்பாப் படிச்சதில்ல" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். முத்தம்மாள் ரொம்ப நேரம் தட்டினாள்.

துண்டுக்கு அடியில், பையில் அந்தச் சீட்டு. நான் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தேன். ஒன்றிலும் சந்தோஷம் இல்லை.

துண்டைப் பச்சையம்மாளிடம் கொடுத்து, கண்ணில் படாமல் வைக்கச் சொன்னேன்.

சாமிக்கண்ணு


காரைக்கால்,
30-10-1961

துண்டு கிடைத்ததற்கு வாழ்த்துகள்.

மேடையில் நான் நின்றபோது எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு வர வழி இருக்கவில்லை.

படித்த பிறகு எழுதுங்கள். படிக்காவிட்டால் எழுத வேண்டாம்.

அ.


முதலியார்பேட்டை,
20-11-1961

டீச்சரம்மாவுக்கு,

படித்துவிட்டேன்.

போன திங்கட்கிழமை விடாத மழை. காகிதம் நமுத்துப்போனதால் வேலை நின்றுவிட்டது. எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பத்ரோன் ஜன்னல் ஓரம் புரூப் திருத்திக்கொண்டிருந்தார். நான் எழுந்து, "ஐயா, ஒரு சீட்டு படிக்கணும்" என்றேன். படியேன் என்றார், தலை நிமிராமல்.

நான் ஒவ்வொரு எழுத்தாகத்தான் படிப்பேன். 'இந்–தப் பக்–கத்–தி–லும்' என்று ஆரம்பித்தபோது யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. நாற்பது வருஷம் சீட்டு படித்த ஆள் இப்படி எழுத்துக்கூட்டுவதைக் கேட்டதிலேயே பாதி விஷயம் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. 'காகிதமே பனி' என்ற இடத்தில் பத்ரோன் புரூப்பைக் கீழே வைத்தார். படித்து முடித்ததும் மீதியை நான் சொன்னேன். பொட்டு, பச்சை, பொம்மை, பசை, புகையிலை டப்பா, ஒன்றையும் விடவில்லை.

முதலில் வாய் திறந்தது முத்தம்மாள்.

"அப்ப இத்தினி வருஷமா என் வீட்டுக்கு வர்ற கல்யாணப் பத்திரிகைய எல்லாம் வாங்கி வாங்கி இன்னாத்தப் படிச்ச? எங்க அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு நான் மறுநாள் போயி நின்னனே, அது உன் வேலைதானா?"

ஆமாம் என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பையன்கள் சிரித்துவிட்டார்கள். பத்ரோன் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சீட்டு எங்கன்னு நான் ஒரு தடவைதான் கேட்டேன். ரெண்டாவது தடவை கேக்கல. அந்தம்மா அழுதுகிட்டே படி எறங்கிப் போனாங்க. நீ எங்கிட்ட இருக்கிறவன், அவங்க வெளியாளு. அதனால உன்ன நம்பினேன்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கே தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதினார். அவர் ஓய்வு பெற்றுத் திருக்கனூர் பக்கம் இருக்கிறாராம். கடிதத்தை என்னிடம் கொடுத்து, படித்துப் பார்த்துவிட்டு ஒட்டு என்றார். அரை மணி நேரம் ஆயிற்று. முழுவதும் படித்துத்தான் ஒட்டினேன். சரியாகத்தான் எழுதியிருந்தார். உங்களுக்கும் தனியாக எழுதுவதாகச் சொன்னார்.

இப்போது பையன்கள் சீட்டைக் கொண்டுவந்து, "படிச்சுக் காட்டட்டுமா தாத்தா?" என்கிறார்கள். கேலியா, நல்ல மனசா தெரியவில்லை. காதுப் பென்சிலை எடுத்துவிட்டேன்.

இன்னொரு செய்தி. விழாவுக்குப் பிறகு வண்ணம் ஏற்றுவதை நிறுத்தியதால், கறுப்புக் கோடு மட்டும் அடித்த தாள்கள் மிச்சம் இருந்தன. பத்ரோன் பரணைத் திறக்கச் சொன்னார். முப்பத்தேழு செட் கிடைத்தன. அவற்றில் பனி அப்படியே இருக்கிறது, நான் தொடாத பனி. நீங்கள் சரி என்றால், நீங்கள் சொன்னபடி வண்ணம் ஏற்றிக் கட்டிக் கொடுக்க பத்ரோன் சம்மதித்துவிட்டார். ஆனால் ஏழு வருஷத்தில் தாள் ஓரமெல்லாம் மஞ்சள் படிந்துவிட்டது. சில பக்கம் நடுவிலும் படிந்திருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் மெல்லிசாக வெள்ளை பூசட்டுமா? நீங்கள் எழுதும் வரைக்கும் தூரிகையைத் தொடமாட்டேன்.

சாமிக்கண்ணு


காரைக்கால்,
2-12-1961

பெரியவருக்கு,

தெய்வநாயகம் ஐயாவின் கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன். இப்படி ஒரு கடிதம் வந்தால் எப்படி இருக்கும் என்று முதல் இரண்டு வருஷம் நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன். நினைத்த மாதிரி இல்லை. அண்ணியிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "இத மாமா பாத்திருக்கணும்" என்று மட்டும் சொன்னார். அதை நீங்களும் சரி செய்ய முடியாது, நானும் முடியாது. அதனால் உங்களை முழுக்க மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. வராததை எழுதி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

ஆனால் மழை நாளில் எழுந்து நின்று எழுத்துக்கூட்டிப் படித்தீர்கள் என்பதை நான் குறைத்து எடுத்துக்கொள்ளவில்லை.

புத்தகம் போடுங்கள். மஞ்சளைப் பற்றிக் கேட்டீர்கள். ஒன்று சொல்கிறேன். விழுந்த முதல் நாள்தான் அந்தப் பனி வெள்ளை. மூன்றாம் நாள் வண்டிச் சக்கரமும் குதிரைச் சாணமும் பட்டு, கழுவாத பாத்திரம் மாதிரி ஆகிவிடும். அப்போதும் அது பனிதான். அப்பா அதில் சறுக்கி விழுந்து, எழுந்து, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்ப்பார். இதை எழுதும்போது ஒரு பென்சில் எடுத்து, அவர் விழுந்த மாதிரியைக் காகித ஓரத்தில் கிறுக்கியிருக்கிறேன். அழிக்கவில்லை. நீங்களும் பார்க்கலாம்.

புதுச் சீட்டு ஒன்று வைத்திருக்கிறேன். இதிலும் பொட்டு இல்லை.

'மஞ்சள் படிந்த இடத்திலும் எதுவும் பூச வேண்டாம். சந்தேகம் இருந்தால் எழுதிக் கேளுங்கள்.'

அஞ்சலாட்சி


முதலியார்பேட்டை,
8-1-1962

டீச்சரம்மாவுக்கு,

உங்கள் அப்பா விழுகிற படத்தை முத்தம்மாளும் பார்த்தாள். ஆள் விழுந்ததைவிட அவர் தொப்பி தனியாகப் போகிற அழகைப் பார் என்றாள்.

புதுச் சீட்டை எல்லோருக்கும் கேட்கும்படி நானே படித்தேன். இந்தத் தடவை மூன்று இடத்தில்தான் நின்றேன். பழைய பச்சைத் தகட்டைத் தேடி எடுத்து, சுத்தியால் அடித்து மடக்கினேன். சிவப்பு, மரத்துக்குப் பழுப்பு, ஜன்னலுக்கு மஞ்சள், அவ்வளவுதான். பூச்சி அரித்த ஆறு செட் போக, முப்பத்தோரு புத்தகம் தேறின.

கஷ்டமாக இருந்தது பொம்மைதான். சால்வைக்குத் தகடு வெட்டும்போதெல்லாம் கை தானாக அந்த வயிற்றுப் பக்கம் போயிற்று. இவ்வளவு பெரிய இடத்தைச் சும்மா விடுகிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் கையை இழுத்துக்கொண்டேன். முப்பத்தொன்றிலும் பொம்மை வெறும் காகிதமாகத்தான் நிற்கிறது.

ஒரு பிரதியை வகுப்புக்கு எடுத்துப்போனேன். வெளியே மார்கழிப் பச்சை கண்ணைப் பறிக்கிறது. உள்ளே நான் 'தெரு வெள்ளை, கூரை வெள்ளை' என்று படித்தேன். ஆயம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னா பெரியவரே, இந்தத் தடவை பெயிண்டு தீந்துபோச்சா?"

தீரவில்லை, அதுதான் பனி என்றேன். பிறகு, "அன்னிக்கு நீ சொன்னியே, படிக்கத் தெரியாதவன் எவனோன்னு. அது நான்தான்" என்றேன். சிரிப்பார்கள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். ஆயம்மா புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "தெரியும். அன்னிக்கு நீ சிரிச்சது ஒரு சிரிப்பா?" என்றாள். பனிப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். மீன் வாசனை பட்டுவிட்டது. அந்தப் பிரதியை நானே வைத்துக்கொள்கிறேன்.

வெள்ளைக்கு அர்த்தம் என்ன என்று அன்று எனக்கு யாராவது சொல்லியிருக்கக்கூடாதா என்று இரண்டு மூன்று நாள் மனசுக்குள் சாக்கு தேடினேன். சாக்கு இல்லை டீச்சரம்மா. சொல்லித்தான் இருந்தது. எழுதியே இருந்தது. சந்தேகம் இருந்தால் கேள் என்றுகூட எழுதியிருந்தது.

நீங்கள் முழுக்க மன்னிக்கவில்லை என்று எழுதிய வரியை அடிக்கடி எடுத்துப் படிக்கிறேன். அதை இப்போது எழுத்துக்கூட்டாமல் படிக்க வருகிறது.

முப்பது புத்தகங்களைத் துணியில் கட்டி, வருகிற திங்கட்கிழமைக் காரைக்கால் பஸ்ஸில் நானே ஏற்றுகிறேன். பலகையைப் படித்துத்தான் ஏற்றுவேன். தலைமையாசிரியரிடமிருந்து பத்ரோனுக்கு இன்னும் பதில் இல்லை. அவர் எழுதினாலும் எழுதாவிட்டாலும், அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அடுத்த வாரம் உங்களுக்கு எழுதுகிறேன். காதுப் பென்சில் சும்மாதான் கிடக்கிறது. அந்தக் கடிதத்தை அதில்தான் எழுதப்போகிறேன்.

சாமிக்கண்ணு